இருபத்தோரு புள்ளிக் கோலம்

நவம்பர் 25, வெள்ளி

ஜனவரியில் ஜவுளிக்கடையில் இனாமாகக் கொடுத்த டைரி இது. பதினோரு மாதமாகக் கழுத்து, தோள், கை, இடுப்பு என்று ரவிக்கை அளவுகளை மட்டுமே எழுதி வந்தேன். இன்றைக்கு அளவு எழுத மனசில்லை. வயிறு எரிகிறது. இவரிடம் சொன்னால், எலி என்ன உன்கிட்டே கேட்டுவிட்டா கடிக்கும் என்பார். அதனால் இதில் எழுதுகிறேன்.

வக்கீல் வீட்டு அம்மா மகள் கல்யாணத்துக்குப் பதினோரு ரவிக்கை தைக்கக் கொடுத்திருக்கிறாள். கல்யாணம் தை ஏழாம் தேதி. அதில் முகூர்த்த ரவிக்கைத் துணி அரக்குப் பட்டு. நேற்று மடித்து மேசைமேல் வைத்தேன். காலையில் விரித்தால் நட்டநடுவில் என் கை நுழைகிற மாதிரி ஓட்டை. பட்டு நூலெல்லாம் பொடிப்பொடியாக மிஷினுக்கு அடியில் கிடக்கிறது. இருபத்திரண்டு வருஷமாகத் தைக்கிறேன். ஆவுடையிடம் கொடுத்த துணி பாழாயிற்று என்று பாளையங்கோட்டையில் ஒருத்தர் சொன்னதில்லை. இனிமேல் சொல்வார்கள்.

இந்த ஆறாம் தெருவில் ஆறு மாதமாகவே எலி. சுண்டெலியில் ஆரம்பித்து இப்போது பெருச்சாளி வரைக்கும் வந்தாயிற்று. நான் பிறந்தது சங்கரன்கோவிலில். ஜுரம் வந்தாலும் வயிற்றுவலி வந்தாலும் புற்றுமண்ணைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து வளர்ந்தவள். எங்கள் வீட்டை ஒட்டிய காலி மனையில், வேப்பமரத்தடியில் ஒரு புற்று இருக்கிறது. சாயங்காலம் குளித்துவிட்டு ஒரு முட்டையும் ஒரு கிண்ணம் பாலும் கொண்டுபோய் வைத்தேன். நாகம்மா, எலியை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வாய்விட்டே கேட்டுக்கொண்டேன்.

நவம்பர் 26, சனி

முட்டையைக் காணோம். ஓடுகூட இல்லை. அம்மா ஏற்றுக்கொண்டாள்.

நவம்பர் 29, செவ்வாய்

வக்கீல் வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். அந்த அம்மா என்னை உட்காரச் சொன்னாள். பிறகு, அதே நிறத்தில் வேறு துணி எடுத்துத் தருவதாகவும், இன்னொரு தடவை இப்படி ஆனால் பதினொன்றையும் வாங்கிக்கொண்டு போய்விடுவதாகவும் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. சிரித்துக்கொண்டே சொன்னாள்.

வந்ததும் அரிசி டிரம்மைக் காலி செய்து துணியையெல்லாம் அதில் வைத்து மூடினேன். அரிசி இப்போது குக்கரிலும் அண்டாவிலும் இருக்கிறது. நாளைக்கு எதில் சமைப்பது என்று இவர் கேட்டார். இவர் பெயர் கொம்பையா. மினிபஸ் ஓட்டுகிறார். கேள்வி மட்டும் எப்போதும் சரியாகக் கேட்பார்.

டிசம்பர் 2, வெள்ளி

தெருக் கூட்டம். தெய்வானை டீச்சர்தான் எங்கள் சங்கத்துக்குத் தலைவி. மாநகராட்சி சுகாதாரப் பிரிவில் இருந்து இசக்கியம்மாள் என்று ஒரு பெண் வந்திருந்தாள். நல்ல கெட்டிக்காரி.

“ஒரு வீட்டுல மட்டும் வெரட்டுனா அடுத்த வீட்டுக்குப் போவும். பதினாலு வீடும் ஒண்ணா நின்னு சோத்த நிறுத்தணும், ஓட்டைய அடைக்கணும். எந்த ஒரு வீட்டுல தீனி கெடைக்கோ, அந்த வீடு மத்த பதிமூணு வீட்டையும் கெடுத்துரும்” என்றாள்.

நான் உடனே எழுந்து, அந்த வீடு எது என்று எல்லாருக்கும் தெரியும் என்றேன். தெரியாதா பின்னே? காலி மனைக்கு அந்தப் பக்கம் ஜெபமணி அண்ணாச்சி வீடு. மொட்டைமாடியில் புறாக்கூடு. தபால்காரராக முப்பத்திரண்டு வருஷம் நடந்தவர், ரிட்டயரானதும் புறா வளர்க்கிறார். ஒவ்வொன்றுக்கும் பின்கோடுதான் பெயர். 627002 இன்னும் வரலையே என்று சாயங்காலமானால் ஆகாயத்தைப் பார்த்துக் கவலைப்படுவார். காலையும் மாலையும் கம்பும் சோளமும் இறைக்கிறார். சிந்தினது யார் வயிற்றுக்குப் போகும்?

அண்ணாச்சி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, சாயங்காலத் தீனியை நிறுத்திவிடுகிறேன், காலையிலும் சிந்தினதைக் கூட்டி அள்ளிவிடுகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சண்டைக்குத் தயாராகப் போன எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

கூட்டம் முடிந்ததும் பெண்களிடம் புற்றைப் பற்றிச் சொன்னேன். போன வாரம் முட்டை ஓடுகூட இல்லாமல் போனதைக் கேட்டு எல்லாருக்கும் புல்லரித்தது. நம்ம முயற்சி ஒரு பக்கம், சாமி துணை ஒரு பக்கம் என்று டீச்சரே சொல்லிவிட்டார். இன்று மொத்தம் ஏழு முட்டை.

டிசம்பர் 3, சனி

ஏழும் போயிற்று.

டிசம்பர் 6, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை தெருவே திருவிழா மாதிரி இருந்தது. சிமென்ட் குழைக்க நாலு பேர், பாட்டில் உடைக்க இரண்டு பேர். கண்ணாடித் தூளைச் சிமென்ட்டில் கலந்து ஓட்டையில் அடைத்தால் எலி மறுபடி தோண்டாது என்று இசக்கியம்மாள் சொல்லியிருந்தாள். சாக்கடை வாய்க்கு வலை, தண்ணீர்த் தொட்டிக்கு மூடி. மிச்சச் சோற்றைச் சாக்கடையில் கொட்டக்கூடாது, காலையில் குப்பை வண்டி வரும்போது கையில் கொடுக்க வேண்டும்.

இதையெல்லாம் மேற்பார்வை செய்ய ஓர் ஆள் வேண்டும் என்றார் டீச்சர். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்று நாளாக வீடு வீடாகப் போய்க் கொல்லைப்புறம் வரைக்கும் பார்க்கிறேன். நாலாம் நம்பர் வீட்டில் ஒரு மூட்டை பழைய செருப்பு. பதினோராம் நம்பரில் கட்டிலுக்கு அடியில் போன வருஷத்துத் தேங்காய். ஆவுடை மைனி வாறா என்று தெரிந்தாலே எல்லாரும் விளக்குமாற்றைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். இவர் எனக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்திருக்கிறார்.

அண்ணாச்சி வீட்டு மாடிக்கும் போனேன். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. ஒரு மணி கம்பு கீழே இல்லை. அவர் மனைவி எஸ்தர் அக்கா காபி கொடுத்தாள். அண்ணாச்சி ஒரு வெள்ளைப் புறாவைக் காட்டி, “இது 627756. சங்கரன்கோவில். ஒங்க ஊர்தான் தாயீ” என்றார். மூன்று தடவை முட்டையிட்டும் ஒன்றுகூடப் பொரிக்கவில்லையாம், எலி தூக்கிவிட்டதாம். புறா வைத்தால் எலி வரத்தானே செய்யும் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். மாடியில் இருந்து பார்த்தால் எங்கள் புற்று நேர் கீழே தெரிகிறது.

டிசம்பர் 9, வெள்ளி

மேற்குப் பக்கத்து வீடுகளில் எலி குறைந்துவிட்டதாம். நாலாம் நம்பர் வீட்டில் ஐந்து நாளாகச் சத்தமே இல்லையாம். எங்கள் பக்கம்தான் குறையவில்லை. நேற்று நான் பார்த்தது பூனைக்குட்டி என்று நினைத்தேன். பூனைக்கு வால் அப்படி இருக்காது.

சாமிக்குப் போதவில்லை போல. இன்று பதினாலு வீட்டுக்குப் பதினோரு முட்டை. அண்ணாச்சி வீட்டில் கேட்கக்கூடாது, அவர்கள் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள். இன்னும் இரண்டு வீட்டில் ஆள் இல்லை.

டிசம்பர் 12, திங்கள்

மாநகராட்சியில் இரண்டு பெரிய எலிக்கூண்டு கொடுத்தார்கள். மசால்வடை வைத்தேன், கருவாடு வைத்தேன், தேங்காய்ச் சில்லைச் சுட்டு வைத்தேன். மூன்று நாளாக ஒன்றும் விழவில்லை. வடை காய்ந்து கல்லாகிவிட்டது.

இவர் கூண்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “ஏட்டி, பசிச்ச எலிதான் வடைக்கு வரும். இது வயிறு நெறைஞ்ச எலி. எங்கனயோ விருந்து நடக்கு” என்றார்.

எங்கே நடக்கிறது என்று கண்டுபிடிக்காமல் விடமாட்டேன். எனக்கு இன்னும் சந்தேகம் அந்த மாடிமேல்தான்.

டிசம்பர் 16, வெள்ளி

மார்கழி பிறந்தாயிற்று. இசக்கியம்மாள் வந்து புதுசாக ஒரு வழி சொன்னாள். சாயங்காலம் அவரவர் சுவர் ஓரமாகக் கோலமாவைச் சன்னமாகத் தூவிவிட வேண்டும். எலி எந்த வழியாக நடக்கிறதோ காலையில் மாவில் கால்தடம் இருக்கும். தடத்தைப் பிடித்துக்கொண்டு போனால் எலி தின்னும் இடமும் தெரியும், குடியிருக்கும் இடமும் தெரியும். மார்கழியில் எங்கள் தெருவில் கோலமாவுக்கா பஞ்சம்? டீச்சர் ஆறு மணிக்கு விசில் ஊதினார். பதினாலு வீட்டிலும் ஒரே நேரத்தில் குனிந்தோம்.

எனக்கு வந்த பங்கு எங்கள் வாசலில் இருந்து காலி மனை ஓரமாக வேப்பமரம் வரைக்கும். சல்லடையில் சலித்துப் பூப்போலத் தூவினேன். அப்படியே புற்றுக்குப் போய்ப் பன்னிரண்டு முட்டையும் வைத்துவிட்டு வந்தேன். நாளைக் காலையில் டீச்சர் நோட்டோடு வருவார். குற்றவாளி அகப்படப் போகிறான்.

டிசம்பர் 17, சனி

காலையில் நாலரைக்கே எழுந்துவிட்டேன். வாசலில் இருந்து வேப்பமரம் வரைக்கும் பெருக்கித் தண்ணீர் தெளித்து இருபத்தோரு புள்ளிக் கோலம் போட்டேன். அதன் பக்கத்தில் இன்னொன்று, அதற்கு அந்தப் பக்கம் தேர். மார்கழி மாதம் பெரிய கோலம் போடுவது உலக வழக்கம்தான். இதில் எழுத என்ன இருக்கிறது?

டீச்சர் நோட்டோடு வந்தார். ஆவுடை, ஒன் பக்கம் தடம் இருந்ததா என்றார். பழக்க தோஷத்தில் கோலம் போட்டுவிட்டேன் டீச்சர், ஒன்றும் இருந்த மாதிரி தெரியவில்லை என்றேன். கோலம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மற்ற வீடுகளில் அங்கங்கே தடம். அண்ணாச்சி வீட்டு மாடிப்படியில்தான் வரிசையாக இருந்ததாம்.

இடுப்பு வலிக்கிறது.

டிசம்பர் 18, ஞாயிறு

கூட்டம். டீச்சர் நோட்டைப் பார்த்து வாசித்தார். தெருவிலேயே அதிகத் தடம் அண்ணாச்சி வீட்டுப் படியில். புறாவை அப்புறப்படுத்தினால்தான் விடிவு என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். இத்தனைக்கும் முதலில் சொன்னவள் நான். இன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. தொண்டை கட்டியிருந்தது.

அண்ணாச்சி எழுந்து நின்றார். இருபத்திரண்டு புறா இருக்கிறது, சாத்தான்குளத்தில் மச்சினன் வீட்டில் கொண்டுவிட்டுவிடுகிறேன் என்றார். அவ்வளவுதான். எஸ்தர் அக்கா மட்டும் என்னைப் பார்த்தாள்.

டிசம்பர் 19, திங்கள்

மூன்று மூங்கில் கூடை. மேலே சாக்கைப் போட்டுக் கட்டி ஆட்டோவில் ஏற்றினார். ஒவ்வொன்றையும் கூடைக்குள் விடும்போது பின்கோடு சொல்லிச் சொல்லி விட்டார். நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்ததால் காதில் விழுந்தது.

டிசம்பர் 20, செவ்வாய்

வேலை அதிகம். ஊசி இரண்டு தடவை உடைந்தது. ஒரு ரவிக்கைக்கு இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துப் பிரித்தேன். என்னட்டி ஆச்சு ஒனக்கு என்று இவர் கேட்டார். கண் மங்குகிறது என்றேன்.

டிசம்பர் 21, புதன்

மத்தியானம் தலைக்கு மேலே படபடவென்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் அண்ணாச்சி வீட்டு மாடிச் சுவரில் பதினெட்டுப் புறா உட்கார்ந்திருக்கிறது. சாத்தான்குளத்தில் மச்சினன் கூண்டைத் திறந்த உடனே கிளம்பி வந்துவிட்டதாம். சாயங்காலத்துக்குள் மிச்சம் நாலும் வந்து சேர்ந்தது. 627756தான் கடைசி.

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. தெருவில் மற்றவர்களுக்குச் சந்தோஷமில்லை.

டிசம்பர் 22, வியாழன்

எஸ்தர் அக்கா தண்ணீர் பிடிக்க வந்த இடத்தில் சொன்னாள். எங்கே கொண்டு விட்டாலும் அந்தப் புறாக்கள் திரும்பித்தான் வருமாம். அதனால் அண்ணாச்சி கறிக்கடைக்காரரிடம் சொல்லிவிட்டாராம். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வந்து எடுத்துக்கொள்கிறாராம். மறுநாள் கிறிஸ்துமஸ், புறாக்கறி கேட்டு ஆள் வருமாம். இவிய ரெண்டு நாளா ஒழுங்கா சாப்பிடல என்றாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். என்னைக் குறை சொல்லி ஒரு வார்த்தை இல்லை.

சரி. எழுதிவிடுகிறேன். இந்த டைரியிடம்கூட மறைத்தால் நான் என்ன பிறவி?

பதினேழாம் தேதி காலையில் என் பக்கத்து மாவில் தடம் இருந்தது. ஒன்றிரண்டு அல்ல. கல்யாணத்துக்குப் போகிற கூட்டம் மாதிரி. நடுவில் வால் இழுத்த கோடு கோடாக. சாக்கடையில் இருந்து வந்த தடமும், அண்ணாச்சி வீட்டுப் பக்கம் இருந்து வந்த தடமும் எல்லாமே நேரே புற்றுக்குப் போகிறது. புற்றின் ஓட்டை வாயில் முட்டை உருண்ட தடம். மூன்று ஓட்டையிலும் அப்படியே.

பதினாலு வீட்டிலும் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேனே, எலிக்கு விருந்து வைத்தவள் நான்தான். எலியை ஒழித்துக் கொடு என்று வேண்டிக்கொண்டு எலிக்கே முட்டை வைத்திருக்கிறேன். தெருவையும் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: டீச்சர் வருவதற்குள் விளக்குமாறு எங்கே?

வெட்கமாக இருக்கிறது. நாகம்மா அந்த இடத்தில் இல்லையோ என்று நினைக்கவும் பயமாக இருக்கிறது. இத்தனை நாள் யாரிடம் பேசினேன்?

டிசம்பர் 23, வெள்ளி

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கத்தான் செய்தார், ரொம்ப நேரம். அப்புறம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சல்லடையை எடு, நானும் வாறேன் என்றார்.

சாயங்காலம் எப்போதும்போல எல்லாப் பெண்களும் முட்டை கொண்டுவந்தார்கள். வைக்கச் சொன்னேன். அவர்கள் போனபிறகு நாங்கள் இரண்டு பேருமாகப் புற்றைச் சுற்றிலும் பத்தடிக்கு மாவு தூவினோம். தூவும்போது மனசுக்குள் நாகம்மாவிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். நாளைக் காலையில் கோலம் போட எல்லாரும் வெளியே வரும் நேரம் பார்த்துக் கூப்பிட வேண்டும். எட்டு மணிக்குக் கறிக்கடைக்காரர் வருகிறார்.

விளக்குமாற்றை எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டேன். 

டிசம்பர் 24, சனி

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஆறரைக்கு நல்ல வெளிச்சம். டீச்சரை முதலில் கூப்பிட்டேன். பிறகு ஒவ்வொரு வாசலாகப் போய், கோலத்தை அப்புறம் போடலாம், புற்றுக்கு வாருங்கள் என்றேன். ஆவுடை மைனிக்குச் சாமி வந்திருக்கிறது என்று யாரோ சொல்லியிருப்பார்கள் போல. பாதிப் பேர் தலைக்குக் குளித்துவிட்டு வந்தார்கள். அண்ணாச்சியையும் எஸ்தர் அக்காவையும் இவர் போய்க் கூட்டி வந்தார்.

புற்றைச் சுற்றி மாவு முழுவதும் தடம். பன்னிரண்டு முட்டையில் பதினொன்று இல்லை. ஒரே ஒரு முட்டை மட்டும் ஓட்டை வாயில் சிக்கிக்கொண்டு பாதி உள்ளே பாதி வெளியே இருந்தது. பெண்கள் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார்கள். தடம் யாருடையது என்று யாருக்கும் இன்னும் உறைக்கவில்லை.

அப்போது அந்த முட்டை அசைந்தது. உள்ளே இருந்து யாரோ தள்ளுகிற மாதிரி வெளியே வந்து விழுந்தது. பின்னாலேயே ஒரு பெருச்சாளி வந்தது. ஐந்து கிலோ இருக்கும் என்று டீச்சர் சொல்கிறார். அவ்வளவு இருக்காது, ஆனால் நன்றாக வளர்ந்த உடம்பு. இத்தனை பேர் நிற்கிறோமே என்ற கூச்சம் கொஞ்சமாவது வேண்டுமே. முட்டையைக் கட்டிப்பிடித்துத் திருப்பி வைத்துச் சரியான வாக்கில் உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டது. எங்கள் எல்லாருக்கும் கூப்பின கை கூப்பினபடியே இருந்தது.

பதினோராம் நம்பர்க்காரிதான் முதலில் சிரித்தாள். பிறகு நிறுத்தவே முடியவில்லை. டீச்சருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் சிரிக்கவில்லை.

சிரிப்பு அடங்கட்டும் என்று நின்றேன். பிறகு சொன்னேன். போன சனிக்கிழமையே இந்தத் தடத்தை நான் பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் அதன்மேல் கோலம் போட்டேன், டீச்சரிடம் பொய் சொன்னேன், அண்ணாச்சி புறாவைக் கூடையில் ஏற்றும்போது ஜன்னலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அழுதேன். தெருவே பார்க்கட்டும் என்று அழுதேன்.

டீச்சர் கையில் இருந்த நோட்டை மூடினார். அண்ணாச்சிதான் பக்கத்தில் வந்தார்.

“எனக்குத் தெரியும் தாயீ” என்றார்.

எனக்குப் புரியவில்லை. எது தெரியும் என்றேன்.

“முட்டை யார் எடுத்துட்டுப் போறான்னு. மாடியில நின்னா தெரியும்லா. மொத வாரமே பாத்தேன்.”

“ஏன் அண்ணாச்சி சொல்லல? நான் ஒங்களத்தான சொன்னேன், அத்தன பேர் முன்னால?”

அண்ணாச்சி புற்றைப் பார்த்தார். “நான் வேற கோயிலுக்குப் போறவன். நீங்க சாமின்னு கும்பிடுத எடத்துல பெருச்சாளி இருக்குன்னு என் வாயால எப்படிச் சொல்ல? நீங்களா பாத்தா சரி. இல்லன்னா புறாவோட போவட்டும்னு நெனச்சேன்.”

அவர் புறாவின் முட்டையைத் தின்றதும் இந்தப் பெருச்சாளிதான். அதுவும் அவருக்குத் தெரியும். தெரிந்துதான் வாயைத் திறக்காமல் கூடையைக் கட்டியிருக்கிறார். நான் காலில் விழப்போனேன். எஸ்தர் அக்கா பிடித்துக்கொண்டாள்.

எட்டு மணிக்குக் கறிக்கடைக்காரர் டிவிஎஸ்ஸில் இரண்டு கூண்டைக் கட்டிக்கொண்டு வந்தார். தெருமுனையிலேயே டீச்சர் போய் நின்றார். பின்னால் நாங்கள் எல்லாரும். அந்த மனுஷன் என்னமோ கலவரம் என்று நினைத்து வண்டியை அணைக்காமலே திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

டிசம்பர் 25, ஞாயிறு

எஸ்தர் அக்கா தட்டு நிறைய அச்சுமுறுக்கும் கேக்கும் கொண்டுவந்தாள். நான் அவளுக்குச் சொல்லாமலே ஒரு ரவிக்கை தைத்து வைத்திருந்தேன். குடம் தூக்குகிறவள், தோள் அளவு எனக்குப் பார்த்தாலே தெரியும். சரியாக இருந்தது.

சாயங்காலம் இசக்கியம்மாள் வந்து புற்றைப் பார்த்தாள். இடித்துவிடுவார்களோ என்று எல்லாப் பெண்களுக்கும் உள்ளுக்குள் உதறல். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கிட்டே போனாள். “புத்து அதுபாட்டுக்கு இருக்கட்டும்க்கா. முட்டைய மட்டும் நிறுத்துங்க. பசிச்சா கூண்டுக்கு வந்துதான ஆகணும்” என்றாள்.

டிசம்பர் 28, புதன்

கூண்டில் இதுவரை ஒன்பது. எல்லாம் காய்ந்த மசால்வடைக்கே வந்தவை. பதினாலு வீட்டிலும் ஓட்டை அடைத்திருப்பதால் வேறு போக்கிடம் இல்லை. முதலில் அகப்பட்டது அந்தச் சனிக்கிழமைப் பெருச்சாளிதான் என்று இவர் சத்தியம் செய்கிறார். முகம் ஞாபகம் இருக்கிறதாம்.

வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலையை வேறு யாராவது எடுத்துக்கொள்ளட்டும் என்று டீச்சரிடம் சொன்னேன். ஒனக்குத்தான் இனிமே நல்லா வரும், போ என்று விரட்டிவிட்டார். இப்போதெல்லாம் போகிற வீட்டில் முதலில் எனக்குத்தான் பரிசோதனை. ஆவுடை மைனி, மடியில முட்டை இருக்கா, காட்டுங்க என்கிறார்கள். காட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.

டிசம்பர் 30, வெள்ளி

காலையில் பதினோரு ரவிக்கையையும் வக்கீல் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த அம்மா ஒவ்வொன்றாக விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு தன் தங்கச்சிக்கும் நாலு தைக்க வேண்டும் என்றாள்.

சாயங்காலம் புற்றுக்குப் போனோம். முட்டையைத் தட்டில் வைத்துக் காட்டி, சூடம் கொளுத்தி, மஞ்சள் தெளித்துவிட்டு முட்டையோடு திரும்பினோம். காட்டினால் போதும், சாமிக்கு மனசுதான் வேண்டும் என்று டீச்சர் சொன்னதை எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். எனக்கும் அதில் குறை தெரியவில்லை. நாகம்மா இல்லாமலா அந்தப் பெருச்சாளி சரியாக எல்லார் முன்னாலும் வந்து நின்றது?

ஆனால் வெள்ளிக்கிழமை எங்கள் யார் வீட்டிலும் முட்டை சமைப்பதில்லை. பன்னிரண்டையும் எஸ்தர் அக்காவிடம் கொடுத்துவிட்டோம். இவர் காய்கறி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய் ஒரு மணி நேரம் கழித்து வெறும் பையோடு வந்தார். வாயில் வெங்காய வாசனை. அந்த வீட்டில் என்ன காய்கறி கிடைத்தது என்று நான் கேட்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் அண்ணாச்சி வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டார். 627756 இரண்டு முட்டையிட்டிருக்கிறதாம். சொல்லிவிட்டுச் செருப்பைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“ஒங்க நாகம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லி வையுங்க தாயீ” என்றார்.

உடனே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அப்படியே சல்லடையை எடுத்துக்கொண்டுபோய் அவர் வீட்டு மாடிப்படி, புறாக்கூட்டின் வாசல், சுவர் ஓரம் எல்லாம் மாவும் தூவிவிட்டு வந்தேன்.

டிசம்பர் 31, சனி

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அண்ணாச்சி வீட்டு மாடிக்குப் போனேன். மாவு தூவினது தூவினபடி இருந்தது. ஒரு தடம் இல்லை. வெள்ளைப்புறா என்னைப் பார்த்துக் கழுத்தை உப்பிக்கொண்டது, எழுந்திருக்கவில்லை. முட்டை இரண்டும் அடியில் இருக்கிறது.

கீழே வந்து வாசல் தெளித்தேன். இன்றைக்குச் சின்னக் கோலம்தான் போட்டேன்.